நடுவில் அமுங்கும் கீபோர்டைக் கெட்டியாக்குவது எப்படி?

தமிழ்99காரி (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம் நண்பர்களே.

மொழிபெயர்ப்பு என் தொழில். நாள் முழுக்கத் தமிழ்99 விசைப்பலகையில்தான் தட்டுகிறேன். அண்மையில் 75 சதவீத அளவில் (எண்பட்டை இல்லாத சிறிய வடிவம்) ஒரு மெக்கானிக்கல் கீபோர்ட் வாங்கினேன். பிளாஸ்டிக் கேஸ் (வெளிக்கூடு), பாலிகார்பனேட் பிளேட் (சுவிட்சுகளைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் தகடு), கேஸ்கெட் மவுண்ட் (அந்தத் தகட்டை மெத்தென்ற பட்டைகள் தாங்கும் அமைப்பு), ஹாட்ஸ்வாப் பிசிபி (சால்டர் இல்லாமலே சுவிட்சைச் சாக்கெட்டில் மாட்டிக் கழற்றும் மின்சுற்றுப் பலகை). பிளேட்டில் நெளிநெளியாக வெட்டுகள் இருக்கின்றன, வளைந்து கொடுக்க வேண்டும் என்பதற்காகவாம். "மெத்தென்ற தட்டச்சு" என்று சொல்லி விற்கிறார்கள். பலருக்கு அது பிடிக்கிறது. எனக்கு ஒத்துவரவில்லை.

காரணம் இதுதான். தமிழ்99-இல் புள்ளி இருப்பது எஃப் விசையில். எகரம் ஜி-யில், க எச்-இல், ப ஜே-யில், ம கே-யில். அதிகம் தேவைப்படும் எழுத்துகள் நடுவரிசையின் நடுவிலேயே குவிந்திருக்கின்றன. அங்கே தட்டும்போது சுவிட்ச் அடிவரை போய் நின்ற பிறகும் பிளேட் இன்னும் கொஞ்சம் கீழே இறங்குகிறது. ஓரத்தில் இருக்கும் ஆகாரமோ டேப் விசையோ அப்படி இல்லை, கெட்டியாக நிற்கிறது. ஒரே சுவிட்ச்தான், ஆனால் இடத்துக்கு இடம் அடி வேறு மாதிரி விழுகிறது. வேகமாகத் தட்டும்போது இந்த வித்தியாசம் கையைத் தடுமாற வைக்கிறது.

சத்தம் எப்படி இருந்தாலும் சரி. எங்கே தட்டினாலும் ஒரே மாதிரி, கெட்டியாக இருக்க வேண்டும். அலுமினியம் பிளேட் வாங்கிப் போட்டால் தீருமா? பித்தளை இன்னும் நல்லதா? இல்லை, கேஸையே மாற்ற வேண்டுமா?

ஈயமுனை

பிளேட் வாங்குவதற்கு முன் வளைவது எது என்று கண்டுபிடியுங்கள். பலரும் நேராகப் பித்தளை பிளேட்டில் காசைப் போட்டுவிட்டு, எதுவும் மாறவில்லையே என்று இங்கே வந்து கேட்கிறார்கள். வளையக்கூடிய இடம் ஒன்றல்ல. மேசை, கேஸ், கேஸுக்கும் பிளேட்டுக்கும் நடுவில் இருக்கும் தாங்கல், பிளேட், பிசிபி, இதில் எது வேண்டுமானாலும் இருக்கலாம்.

முதலில் கீபோர்டுக்கு அடியில் விரித்திருக்கும் மேட்டை (விரிப்பை) எடுத்துவிட்டு வெறும் மேசையில் வைத்துத் தட்டிப் பாருங்கள். மெல்லிய பிளைவுட் பலகையாக இருந்தால் மேசையே அதிரும். தடித்த மேட்டும் ரப்பர் மாதிரி வேலை செய்யும். தரையில் வைத்துத் தட்டினால் உண்மை தெரிந்துவிடும்.

அடுத்தது கேஸ். இரண்டு முனைகளையும் பிடித்துத் துணி பிழிவது போல மெதுவாக முறுக்குங்கள். கண்ணுக்குத் தெரிகிற அளவு முறுகினால் கேஸும் ஒரு குற்றவாளி. பிறகு கீபோர்டைத் தலைகீழாகத் திருப்பி, அடிப்பாகத்தின் நடுவில் கட்டைவிரலால் அழுத்துங்கள். பிளாஸ்டிக் கேஸ்களில் ரப்பர் கால்கள் பெரும்பாலும் நாலு மூலையில் மட்டும்தான் இருக்கும். நடுவில் தாங்க ஒன்றும் இருக்காது.

கடைசியாக ஒரு இரும்பு ஸ்கேலை கேஸின் மேல்விளிம்பில் குறுக்காகக் கிடத்துங்கள். இரண்டு மூன்று கீகேப்பை (விசை மூடியை) கழற்றிவிட்டு, நடுவில் பிளேட்டையே விரலால் அழுத்துங்கள். ஸ்கேலுக்கும் பிளேட்டுக்கும் உள்ள இடைவெளி எவ்வளவு கூடுகிறது என்று பாருங்கள். ஓரத்திலும் அதையே செய்யுங்கள். ஓரத்திலும் நடுவிலும் ஒரே அளவு இறங்கினால் இறங்குவது கேஸ்கெட். ஓரம் அசையாமல் நடு மட்டும் இறங்கினால் வளைவது பிளேட்டும் பிசிபியும்.

இந்தச் சோதனைகளை முடித்துவிட்டு எழுதுங்கள். பிசிபியின் தடிமன் என்ன என்றும் விற்பனைக் குறிப்பில் பாருங்கள். 1.6 மி.மீ. வழக்கமானது. வளையட்டும் என்று 1.2-இல் செய்பவர்களும் உண்டு.

மெத்தைக்கட்சி

எனக்கு இந்த ஆசையே புரியவில்லை. கேஸ்கெட் வருவதற்கு முன் நாங்கள் எல்லாம் ஸ்டீல் பிளேட்டில் தட்டிக்கொண்டிருந்தவர்கள். ஒவ்வொரு அடியும் விரல் நுனியில் திரும்பி வரும். நாள் முழுக்கத் தட்டுகிறவருக்கு மென்மைதான் நல்லது. கெட்டியாக்கிவிட்டு அப்புறம் விரல் வலிக்கிறது என்று சொல்லாதீர்கள், சகோதரி. ஆழ்ந்து யோசியுங்கள்.

லேத்துப்பட்டறை

கோவையில் சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன், கீபோர்ட் பிளேட்டும் வெட்டிக் கொடுப்பதுண்டு. அதனால் உலோகக் கணக்கை நான் சொல்கிறேன்.

ஒரு பொருள் வளைய எவ்வளவு மறுக்கும் என்பதற்கு யங் குணகம் என்று ஓர் அளவு உண்டு. ஸ்டீலுக்கு ஏறக்குறைய 200 கிகாபாஸ்கல். பித்தளைக்கு 100 முதல் 110 வரை. அலுமினியம் 70. எஃப்ஆர்4, அதாவது பிசிபி செய்யும் அதே கண்ணாடியிழைப் பலகை, 20-க்குக் கொஞ்சம் மேலே. பாலிகார்பனேட் வெறும் 2.4 சொச்சம். ஆக, அதே தடிமனில் பாலிகார்பனேட்டிலிருந்து எஃப்ஆர்4-க்கு வந்தாலே சுமார் ஒன்பது மடங்கு விறைப்பு. அலுமினியம் என்றால் முப்பது மடங்குக்குக் கொஞ்சம் குறைவு.

பித்தளை கனமாக இருப்பதால் அதுதான் ரொம்பக் கெட்டி என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். கனம் வேறு, விறைப்பு வேறு. விறைப்பு மட்டும்தான் வேண்டும் என்றால் ஸ்டீல் பித்தளையைவிட இரண்டு மடங்கு, விலையும் குறைவு. பித்தளைக்குக் காசு கொடுப்பது அதன் நிறத்துக்கும் எடைக்கும் சத்தத்துக்கும்தான்.

தடிமனைக் கூட்டலாமே என்று தோன்றும். தடிமனின் மூன்றாம் அடுக்குக்கு ஏற்ப விறைப்பு கூடும் என்பது உண்மை. இரண்டு மடங்கு தடிமன் என்றால் எட்டு மடங்கு விறைப்பு. ஆனால் பரவலாகப் பயன்படும் செர்ரி எம்எக்ஸ் வகைச் சுவிட்சின் கொக்கி 1.5 மி.மீ. தகட்டைப் பிடிக்கத்தான் செய்யப்பட்டது, முன்பின் 0.1 போகலாம். அதற்கு மேல் தடித்தால் கொக்கி மாட்டாது, சுவிட்ச் கையோடு வந்துவிடும்.

நம் ஊரில் வெட்டக் கொடுப்பவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். பட்டறையில் போய் "16 கேஜ் தகடு" என்று சொல்லாதீர்கள். எஸ்டபிள்யூஜி (பிரிட்டிஷ் கேஜ்) கணக்கில் 16 கேஜ் என்பது 1.63 மி.மீ. அந்த 0.13 போதும் சுவிட்ச் உட்காராமல் போக. "1.5 மி.மீ. ஷீட்" என்றே கேளுங்கள், தகடு வந்ததும் வெர்னியர் வைத்து அளந்து பாருங்கள். சுவிட்ச் ஓட்டை 14-க்கு 14 மி.மீ., நடுப்புள்ளிக்கு நடுப்புள்ளி 19.05. லேசர் கற்றைக்கும் ஒரு அகலம் இருப்பதால், அதைக் கழித்து வெட்டச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் ஓட்டை பெரிதாகிச் சுவிட்ச் ஆடும், கெட்டியாக்கப் போட்ட பிளேட்டில் புது ஆட்டம் வந்து சேரும். பிசிறை அரத்தால் தேய்த்துவிட்டுத்தான் மாட்ட வேண்டும்.

தமிழ்99காரி

ஈயமுனை அண்ணா, சோதனைகளைச் செய்து பார்த்தேன். தரையில் வைத்தாலும் அதே அமுங்கல்தான், ஆகவே மேசைமேல் பழியில்லை. கேஸ் லேசாக முறுகுகிறது. அடிப்பாகத்தின் நடுவில் அழுத்தினால் நன்றாகவே உள்ளே போகிறது. ஸ்கேல் சோதனையில் ஓரம் கொஞ்சம் இறங்குகிறது, நடு அதைவிடத் தெளிவாக அதிகம் இறங்குகிறது. பிசிபி 1.2 மி.மீ. என்றுதான் போட்டிருக்கிறது. அதிலும் வெட்டுகள் இருக்கின்றன.

//கெட்டியாக்கிவிட்டு அப்புறம் விரல் வலிக்கிறது என்று சொல்லாதீர்கள்//

அக்கறைக்கு நன்றி. ஆனால் என் அனுபவம் நேர் எதிர். எங்கே நிற்கும் என்று தெரியாத விசையைத்தான் நான் ஓங்கி அடிக்கிறேன். அடி உறுதியாக இருந்தால் விரல் அளந்து தட்டுகிறது. இது ஆளுக்கு ஆள் மாறும் விஷயம், உங்களுக்கு மென்மை பொருந்துகிறது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஈயமுனை

அப்படியானால் எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் வளைகிறது. நல்ல செய்தி என்னவென்றால், செலவே இல்லாத இடத்திலிருந்து தொடங்கலாம்.

ஒரு பட்டையின் இரு முனைகளையும் தாங்கி நடுவில் அழுத்தினால், அது இறங்கும் அளவு தாங்கல்களுக்கு நடுவில் உள்ள தூரத்தின் மூன்றாம் அடுக்குக்கு ஏற்ப இருக்கும். தூரத்தைப் பாதியாக்கினால் தொய்வு எட்டில் ஒரு பங்கு. கீபோர்ட் பிளேட் பட்டை அல்ல, தகடு. ஓட்டைகளும் நிறைய. அதனால் இந்த எண்ணிக்கை அப்படியே வராது, ஆனால் போக்கு இதுதான். அலுமினியம் பிளேட் செய்யும் வேலையில் பெரும்பங்கை நடுவில் வைக்கும் ஒரு சின்ன ரப்பர் துண்டு செய்துவிடும். உங்கள் கீபோர்ட் இப்போது கயிற்றுக் கட்டில் மாதிரி நாலு பக்கமும் கட்டி நடுவில் தொங்குகிறது. முதலில் நடுவில் முட்டுக் கொடுங்கள்.

முதல் முட்டு கேஸுக்கு வெளியே. அடிப்பாகத்தின் நடுவில், மற்ற ரப்பர் கால்களின் அதே உயரத்தில், இன்னொரு காலை ஒட்டுங்கள். சாய்வுக் கால்களை விரித்துப் பயன்படுத்துகிறீர்கள் என்றால் அந்தச் சாய்வில் வைத்தே அளவெடுக்க வேண்டும். உயரம் கூடிப்போனால் கீபோர்ட் தள்ளாடும், சந்தேகம் இருந்தால் சற்றுக் குறைவாகவே வையுங்கள்.

இரண்டாவது முட்டு உள்ளே, பிசிபிக்கும் கேஸின் அடித்தளத்துக்கும் நடுவில். அங்கே எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று தெரிந்தால்தான் சரியான உயரத்தில் ரப்பர் வைக்க முடியும். குழந்தைகள் விளையாடும் களிமண்ணில் சின்ன உருண்டைகள் செய்து, சமையலறை பிளாஸ்டிக் தாளில் சுற்றி, நடுவில் இரண்டு மூன்று இடத்தில் வைத்துக் கேஸை முழுதாக மூடி ஸ்க்ரூ போடுங்கள். திறந்து பார்த்தால் உருண்டை நசுங்கியிருக்கும் தடிமன்தான் உங்கள் இடைவெளி. தாளில் சுற்றாமல் வைத்தால் அதன் எண்ணெய்ப்பசை பிசிபியில் ஒட்டும்.

கவனிக்க வேண்டியவை:

ரப்பர் துண்டு ஹாட்ஸ்வாப் சாக்கெட்டின் மேல் உட்காரக் கூடாது. சாக்கெட் பிசிபிக்குக் கீழே புடைத்து நிற்கும், அதைப் பிடித்திருப்பது இரண்டே சால்டர் புள்ளிகள். ஓயாத அழுத்தம் கொடுத்தால் அந்தச் சால்டர் விட்டுப்போகலாம். சாக்கெட்டுகளுக்கு நடுவே வெறும் பிசிபி தெரியும் இடமாகப் பாருங்கள்.

அளந்த தடிமனைவிட உயரமாக வைக்கக் கூடாது. பிசிபி மேல்நோக்கி வளைந்து, நடுவிசைகள் மட்டும் எழும்பி நிற்கும்.

உங்களுடையது வயர்லெஸ்ஸா? அப்படியென்றால் பேட்டரி பெரும்பாலும் கேஸின் அடியில் ஒட்டியிருக்கும். லித்தியம் பேட்டரியின் மேல் எந்த முட்டும் படக் கூடாது. இதில் சமரசமே வேண்டாம்.

இரவுப்பறவை

நடுவில் புகுந்து கேட்பதற்கு மன்னிக்கவும். என்னுடையது 60 சதவீதம், ட்ரே மவுண்ட். கேஸில் இருக்கும் தூண்களில் பிசிபியை நேராக ஸ்க்ரூ போட்டிருக்கிறது. எனக்கு நேர்மாறான பிரச்சினை. தூண் இருக்கும் இடம் கல் மாதிரி, மற்ற இடம் சொதசொத. இதற்கும் ரப்பர்தானா?

ஈயமுனை

ஆமாம். ட்ரே மவுண்டுக்குத்தான் அந்த வைத்தியமே முதலில் வந்தது. 60 சதவீதப் பலகைகள் பெரும்பாலும் ஜிஎச்60 என்ற பொது வடிவமைப்பு வகுத்த ஓட்டை அமைப்பையே பின்பற்றுகின்றன. தாங்கல் சில இடங்களில் மட்டும்தான். தூண் இல்லாத இடங்களில், முக்கியமாக முன்விளிம்பிலும் இரண்டு பக்க ஓரங்களிலும், ரப்பர் துண்டு வையுங்கள். ரப்பர் ரொம்ப மென்மையாக இருந்தால் பயனில்லை. கதவுக்கு ஒட்டும் கெட்டியான ஒளிபுகும் குமிழ்கள் கிடைக்குமே, அந்த வகை நன்றாக இருக்கும்.

ஸ்க்ரூக்களை இறுக்கித் திருகி இதைச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். தூணின் பிளாஸ்டிக் மரைதான் தேயும்.

லேத்துப்பட்டறை

தம்பி இரவுப்பறவை, உங்கள் பிசிபி சால்டர் செய்ததா, ஹாட்ஸ்வாப்பா? சால்டர் செய்தது என்றால் பாதி வேலை முடிந்தது. பிளேட்டும் பிசிபியும் தனித்தனித் தகடுகளாக வளைவது ஒன்று. அறுபது எண்பது சுவிட்சுகள் நடுவில் நின்று இரண்டையும் ஒன்றாகக் கட்டிப்போட்டு வளைவது வேறு. பிளேட்டின் மேல்பக்கத்துக்கும் பிசிபியின் மேல்பக்கத்துக்கும் நடுவே 5 மி.மீ. இருக்கும், பிளேட்டின் தடிமன் போக 3.5 மி.மீ. இடைவெளி. அந்த இரண்டு அடுக்கும் நழுவாமல் சேர்ந்து வேலை செய்தால் விறைப்பு நன்றாக ஏறும். சால்டர் அந்தக் கட்டை இறுக்குகிறது. ஹாட்ஸ்வாப்பில் சுவிட்சின் கால் சாக்கெட்டுக்குள் கொஞ்சம் நழுவ இடமிருக்கிறது.

அதனால் ஹாட்ஸ்வாப் வைத்திருப்பவர்கள் ஐந்து கால் சுவிட்ச் வாங்குங்கள். கூடுதலாக இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் கால்கள் பிசிபி ஓட்டையில் இறுக்கமாக உட்காரும். மூன்று கால் சுவிட்சைவிட நேராக, ஆடாமல் நிற்கும்.

பழைய_இரும்பு

கெட்டி என்று பேசுகிற இழையில் ஐபிஎம் மாடல் எம் பற்றி யாருமே சொல்லாதது வருத்தமாக இருக்கிறது. 1980-களின் நடுவில் வந்த கீபோர்ட். உள்ளே வளைந்த ஸ்டீல் தகடு. பழைய முழு அளவுப் பலகைகள் 2 கிலோவுக்கு மேல் எடை. அதன் முன்னோடியான மாடல் எஃப்-இல் இரண்டு ஸ்டீல் தகடுகளை உலோக நாக்குகளால் கவ்விப் பிடித்திருந்தார்கள். மாடல் எம்-இல் செலவைக் குறைக்க, விசைக்குழல்கள் உள்ள மேல் தகட்டைப் பிளாஸ்டிக்கில் வார்த்து, அதிலிருந்து நீளும் சின்னச் சின்ன ஊசிகளை ஸ்டீல் தகட்டின் ஓட்டை வழியாக விட்டு, மறுபக்கம் உருக்கித் தலை தட்டினார்கள்.

வயதாக ஆக அந்தத் தலைகள் முறியும். கீபோர்டைக் குலுக்கினால் உள்ளே கலகல என்று கேட்கும். முறிந்த இடத்தில் இரண்டு தகடும் பிரிய, அங்கே விசை சொதசொதவென்று ஆகி, அந்த கணீர் ஓசையும் மங்கிவிடும். இங்கே கெட்டித்தன்மை சுகத்துக்காக அல்ல. தகடுகள் இறுக்கமாக இருந்தால்தான் ஸ்பிரிங் மடங்கும் போது கீழே இருக்கும் சுத்தி, மின்தொடர்பு தரும் மெல்லிய தாளான மெம்பிரேனைச் சரியாக அழுத்தும்.

இதற்கான வைத்தியம் போல்ட் போடுவது. கேஸைத் திறக்க 5.5 மி.மீ. அறுகோண ஸ்பேனர் வேண்டும், அதுவும் ஒல்லியான நீளக் குழாயாக இருந்தால்தான் ஓட்டைக்குள் போகும். உருக்கிய தலைகளை உளியால் சீவி எடுத்துவிட்டு, அதே இடத்தில் 1.5 மி.மீ. அளவில் துளைபோட்டு, எம்2 (2 மி.மீ.) ஸ்க்ரூவும் நட்டும் மாட்ட வேண்டும். 8 மி.மீ. நீளம் போதும். தகடு வளைந்திருப்பதால் நடுவரிசையை முதலில் இறுக்கிக்கொண்டு பிறகு ஓரத்துக்கு வர வேண்டும். கீகேப்பைக் கழற்றி, பலகையைக் குப்புற வைத்தே வேலை செய்யுங்கள். இல்லாவிட்டால் சுத்திகளும் ஸ்பிரிங்குகளும் குழலைவிட்டு நகர்ந்துவிடும்.

பொறுமை வேண்டிய வேலை, ஆனால் முடித்ததும் கையில் கிடைக்கிற அந்த அழுத்தம் புதுக் கீபோர்ட் எதிலும் எனக்குக் கிடைத்ததில்லை. கென்டக்கி மாநிலம் லெக்சிங்டனில் யூனிகாம்ப் 1996 முதல் இதே வகையை இன்றும் செய்து விற்கிறது.

மெத்தைக்கட்சி

//அடி உறுதியாக இருந்தால் விரல் அளந்து தட்டுகிறது//

இதை நான் ஏற்றுக்கொள்கிறேன். ஒரே சீராக இருக்க வேண்டும் என்பதுதான் உங்கள் தேவை, கல்லாக இருக்க வேண்டும் என்பதல்ல என்று எனக்குப் படுகிறது. அப்படியென்றால் ஸ்டீலுக்குப் போக வேண்டாம். எஃப்ஆர்4 போதும். முட்டும் சேர்ந்தால் நடுவும் ஓரமும் நெருங்கிவரும், விரலுக்கும் ஓரளவு இரக்கம் இருக்கும்.

இன்னொன்று. சுவிட்சையும் பாருங்கள். தண்டு நீளமான சுவிட்சுகளில் ஸ்டெம்மின் (அழுத்தும்போது இறங்கும் பாகத்தின்) நடுக்கம்பம் சுவிட்சின் அடித்தளத்தில் முட்டி நிற்கும், பயணம் குறையும், நிற்கும் இடம் துல்லியமாகத் தெரியும். வழக்கமான எம்எக்ஸ் 4 மி.மீ. போகும், இவை அதற்குக் குறைவு. நீங்கள் கெட்டி என்று தேடுவதில் ஒரு பங்கு இதிலேயே கிடைக்கலாம்.

தமிழ்99காரி

முதல் கட்ட வேலையை முடித்துவிட்டேன். பலன் நான் எதிர்பார்த்ததைவிட நன்றாக இருக்கிறது.

கேஸுக்கு அடியில் நடுக்கால் ஒட்டினேன். அதிலேயே அதிர்வு குறைந்தது தெரிந்தது. உள்ளே களிமண் உருண்டை வைத்து அளந்து, ஈயமுனை அண்ணா சொன்னபடி சாக்கெட் இல்லாத இடங்களாகத் தேடி எஃப்-ஜி-எச்-ஜே வரிசைக்கு அடியில் ரப்பர் வைத்தேன். (வயருள்ள கீபோர்ட்தான், பேட்டரி இல்லை.) இப்போது புள்ளியும் ககரமும் மகரமும் கிட்டத்தட்ட ஓரவிசைகளைப் போலவே நிற்கின்றன. அதே பாலிகார்பனேட் பிளேட், அதே சுவிட்ச்!

மிச்சமிருப்பது இரண்டு. மேல்வரிசை முழுவதும் இன்னும் மொத்தமாக இறங்கி ஏறுகிறது. ஸ்பேஸ்பார் தட்டும்போது ஸ்டெபிலைசர் (நீள விசையை இரு பக்கமும் சமமாக இறக்கும் கம்பி அமைப்பு) கடகடக்கிறது. இது முன்பும் இருந்திருக்கலாம், அமுங்கல் போனபிறகுதான் காதில் விழுகிறது.

ஈயமுனை

மொத்தமாக இறங்குவது கேஸ்கெட். பிளேட்டின் நாக்குகளுக்கு மேலும் கீழும் ஒட்டியிருக்கும் பஞ்சுப் பட்டைதான் அது. பெரும்பாலும் போரான் (Poron) என்ற பெயரில் விற்கும் ஃபோம். அதைக் கழற்றிவிட்டு கெட்டியான சிலிக்கான் ரப்பர் பட்டை ஒட்டலாம். ரப்பரின் கடினத்தைச் சொல்லும் ஷோர் ஏ அளவில் 60, 70 என்று போட்டிருக்கும் ஷீட் வாங்குங்கள், 30 என்றால் விரலுக்கே அமுங்கும்.

தடிமனில்தான் சூட்சுமம். பஞ்சு 2 மி.மீ. இருந்தது என்று சிலிக்கானையும் 2-இல் வைத்தால் கேஸ் மூடாது, ஏனென்றால் பஞ்சு நசுங்கித்தான் உள்ளே உட்கார்ந்திருந்தது. பஞ்சை எடுத்துவிட்டு நாக்குகளின் மேலும் கீழும் களிமண் வைத்து மூடி, நசுங்கிய தடிமனை அளந்து, அதற்கு மிக அருகில் உள்ள ஷீட்டை எடுங்கள். எல்லா நாக்கிலும் ஒரே தடிமன் இருக்க வேண்டும். ஒரு பக்கம் கூடினால் பிளேட் முறுகி நிற்கும், அந்த முறுக்கு பிசிபி வரைக்கும் போகும்.

ஃபோமையும் சிலிக்கானையும் எடுத்துவிட்டு உலோகத்தோடு உலோகமாக இறுக்கிவிடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அலுமினியக் கேஸாக இருந்தால் அது டாப் மவுண்ட் (பிளேட்டை மேல் கேஸில் நேராக ஸ்க்ரூ போடும் அமைப்பு) மாதிரி ஆகும், செய்யலாம். உங்கள் பிளாஸ்டிக் கேஸில் வேண்டாம்.

ஸ்டெபிலைசர் எந்த வகை? பிளேட்டில் கொக்கி மாட்டுவதா, பிசிபியில் ஸ்க்ரூ போடுவதா? பிளேட்டில் மாட்டுவது என்றால், பிளேட் வளையும்போதெல்லாம் கம்பியும் சேர்ந்து அசையும். ஸ்க்ரூ வகைக்கு மாறுங்கள், கம்பி நேராக இருக்கிறதா என்று கண்ணாடி மேல் வைத்துப் பாருங்கள், முனைகளில் கெட்டியான கிரீஸ் தடவுங்கள்.

இரவுப்பறவை

எனக்கும் ரப்பர் வேலை செய்தது, நன்றி. கேஸ் மட்டும் மெல்லிய பிளாஸ்டிக். அதற்குள் சிலிக்கான் ஊற்றி நிரப்பினால் கெட்டியாகுமா? வீட்டில் குளியலறைக்கு வாங்கிய சிலிக்கான் டியூப் மிச்சம் இருக்கிறது.

லேத்துப்பட்டறை

அந்த டியூபைத் தொடாதீர்கள் தம்பி. பிழிந்ததும் வினிகர் வாடை அடிக்கிறதா? காயும்போது அசெட்டிக் அமிலம் விடுகிற வகை அது. மூடிய கேஸுக்குள் அந்த ஆவி செம்பை அரிக்கும். சிலிக்கான் ஊற்றியே ஆக வேண்டும் என்றால் இரண்டு பாகமாகக் கலக்கும் வார்ப்புச் சிலிக்கான் வாங்கி, வெறும் கேஸில் ஊற்றி, முழுதாகக் காய்ந்த பிறகுதான் பிசிபியை வைக்க வேண்டும்.

ஆனால் அது விறைப்பைக் கூட்டாது, எடையைத்தான் கூட்டும். சிலிக்கான் தானே வளைகிற பொருள். நிரப்புவதாலோ களிமண் அப்புவதாலோ சத்தம் அடங்கும், கீபோர்ட் நகராது, கேஸ் முறுகுவது முறுகிக்கொண்டுதான் இருக்கும். பிசிபியின் பின்னால் டேப் ஒட்டுவதும் அப்படியே, ஒலிக்கானது.

கேஸ் கெட்டியாக வேண்டும் என்றால் உள்தளத்தின் அளவுக்கு 1.5 அல்லது 2 மி.மீ. அலுமினியத் தகடு வெட்டி, இரு பாக எபாக்சியால் முழுப் பரப்பிலும் ஒட்டுங்கள். முழுப் பரப்பிலும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். இருபக்க டேப்பில் சும்மா கிடத்தினால் பிளாஸ்டிக் ஒரு பக்கம் வளையும், தகடு தன்பாட்டுக்குக் கிடக்கும். ஒட்டும் முன் இரண்டு பரப்பையும் உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்குங்கள். ஒட்டியபின் தகட்டின் மேல் காப்பு டேப் போடுங்கள், சாக்கெட்டின் கால்கள் உலோகத்தில் பட்டால் ஷார்ட் ஆகும். யூஎஸ்பி இணைப்பு வரும் இடத்தை வெட்டி ஒதுக்க மறக்க வேண்டாம்.

தமிழ்99காரி

அலுமினியமா எஃப்ஆர்4-ஆ என்ற கேள்வியில் எஃப்ஆர்4-ஐ எடுத்தேன், மெத்தைக்கட்சி சொன்ன காரணத்துக்காகவே. வெட்டுகள் இல்லாத பிளேட். கேஸ்கெட்டுக்கு ஷோர் ஏ 70 சிலிக்கான். ஸ்க்ரூ வகை ஸ்டெபிலைசர். இப்போது ஸ்கேல் வைத்துப் பார்த்தால் நடுவுக்கும் ஓரத்துக்கும் என் கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

1.2 மி.மீ. பிசிபியை மட்டும் அப்படியே விட்டுவிட்டேன். அதை 1.6-க்கு மாற்றினால் இன்னும் எவ்வளவு கூடும்?

லேத்துப்பட்டறை

பிசிபி மட்டும் தனியாக என்றால் 2.4 மடங்கு கிட்ட. 1.6-ஐ 1.2-ஆல் வகுத்து, வரும் எண்ணின் மூன்றாம் அடுக்கைப் பாருங்கள். ஆனால் அடியில் முட்டு வைத்துவிட்டீர்கள், மேலே எஃப்ஆர்4 போட்டுவிட்டீர்கள். விரலுக்குத் தெரியும் அளவு மாற்றம் இருக்காது என்பது என் கருத்து. பிசிபியின் விலைக்கு நல்ல கீகேப் செட் வாங்கலாம்.

பழைய_இரும்பு

வாழ்த்துகள் அம்மா. அலுமினியக் கேஸுக்குப் பிற்பாடு போவதாக இருந்தால் ஒன்றை நினைவில் வையுங்கள். கெட்டியாக்கிய பிறகு ஒவ்வொரு அடியும் கேஸுக்குப் போய் "ணிங்" என்று ஒலிக்கும். மேல் கேஸும் கீழ் கேஸும் ஸ்க்ரூ பக்கத்தில் உலோகத்தோடு உலோகமாகப் படுகிற இடங்களில் மட்டும் சின்னத் துண்டு டேப் ஒட்டினால் ஒலி அடங்கும், விறைப்பு போகாது.

இரவுப்பறவை

பழைய இரும்பு ஐயா, உங்கள் பதிவைப் படித்துவிட்டு சென்னை ரிச்சி தெருவில் ஒரு பழைய மாடல் எம் பார்த்து வைத்திருக்கிறேன். குலுக்கினால் கலகல சத்தம் வருகிறது. எல்லா ஊசிகளுக்கும் போல்ட் போட வேண்டுமா, முறிந்த இடத்துக்கு மட்டும் போதுமா?

பழைய_இரும்பு

முதலில் எத்தனை முறிந்திருக்கிறது என்று பாருங்கள். கேஸைத் திறந்து தகட்டின் பின்பக்கம் பார்த்தால் தலையில்லாத ஊசிகள் தெரியும். நாலைந்துதான், அவையும் சிதறி இருந்தால், அங்கங்கே துளைபோட்டு ஸ்க்ரூ மாட்டி ஓட்டலாம், பலகையைப் பிரிக்க வேண்டியதில்லை. ஒரே வரிசையில் பக்கம் பக்கமாக முறிந்திருந்தால், அல்லது உள்ளே எப்போதாவது தண்ணீர், காபி போயிருந்தால், முழுதாகப் பிரித்துவிடுங்கள். மெம்பிரேனைத் துடைக்க வேறு வழி இல்லை. வாங்கும் முன் விசை ஒவ்வொன்றையும் அழுத்தி ஓசை கேளுங்கள். ஓசை மங்கிய விசைக்குப் பின்னால் பெரும்பாலும் முறிந்த தலை இருக்கும். கடைக்காரர் கேட்கும் விலையில் அதைச் சொல்லிக் குறைக்கப் பாருங்கள்.